ஏரிக்கரைக் கசிவு: அடைக்க வேண்டியது எது, வடிக்க வேண்டியது எது?

தமிழ்நாட்டில் ஏரிகளும் கண்மாய்களும் சுமார் 39,000 இருக்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை மண்ணால் ஆகிய கரைகளை உடையவை. கார்த்திகை மாதத்தில் ஏரி நிறைந்து நிற்கும்பொழுது, கரையின் வெளிப்புற அடியில் ஈரமோ சிற்றூற்றோ தோன்றுதல் அநேக கிராமங்களில் கண்கூடாகக் காணும் விஷயம். அதைக் கண்டவுடன் ஊரார் களிமண்ணையும் வைக்கோலையும் மண் மூட்டைகளையும் கொண்டுவந்து, நீர் வெளிவரும் வாயை இறுக அடைத்துவிடுகின்றனர். இச்செய்கை பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும், கரையைக் காப்பதற்கென்று செய்யும் இக்காரியமே சில சமயங்களில் கரை உடைவதற்கு ஏதுவாகின்றது. அது எவ்வாறு என்பதையும், அதற்குப் பதிலாகச் செய்யத்தக்கது யாது என்பதையும் நிலவுடைமையாளரும் கிராம அதிகாரிகளும் மழைக்கு முன்பே அறிந்திருத்தல் நலம்.

கரையினூடே நீர் செல்லும் விதம்

முதலாவதாக, சிறிதும் கசியாத மண்கரை என்று ஒன்று இல்லை. எவ்வளவு நன்றாகத் திமிசு போட்ட கரையாயினும் அதன் மண் துகள்களுக்கிடையே நுண்ணிய சந்துகள் உண்டு. ஏரி நீர் அச்சந்துகளின் வழியாக மெல்ல ஊர்ந்து, வெளிச்சரிவின் அடியை வந்தடைகின்றது. இக்கசிவு தெளிந்த நீராக, என்றும் ஒரே அளவினதாக வருமாயின் அதனால் கரைக்குத் தீங்கில்லை.

தீங்கு தொடங்குவது, வெளிவரும் நீர் மண்ணையும் உடன் கொண்டு வரும்பொழுதுதான். நீர் கரையைவிட்டு வெளிப்படும் இடத்தில் மண் துகள்களை எதிரிருந்து தாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நீரின் வேகம் மிகுந்தால் முதலில் பெயர்வது அவ்விடத்து மண்ணே. அது பெயர்ந்ததும் அதற்குப் பின்னாலுள்ள துகள் பெயரும். பிறகு அதற்கும் பின்னாலுள்ளது. இவ்விதமாக எலிவளை போன்றதொரு குழல், வெளியிலிருந்து உள்நோக்கி வளர்ந்துகொண்டே போகும். குழல் நீள நீள நீர் கடக்க வேண்டிய தூரம் குறைகின்றது. தூரம் குறையக் குறைய வேகம் கூடுகின்றது. இறுதியில் குழல் ஏரி நீரை எட்டியவுடன், நாட்கணக்காக மெல்ல நடந்துவந்த காரியம் சில நாழிகைக்குள் முடிந்து, கரை இடிந்து விழுகின்றது.

கரையின் அடிவாரத்தில் தரை மணற்பாங்காக இருந்தால் வேறொரு விதமாகவும் ஆபத்து நேரும். நீரில் மூழ்கிய மணல் தன் எடையில் பெரும் பாகத்தை இழந்து நிற்பது. 1 அடி கனமுள்ள மணற்படுகையின் ஊடே ஏறக்குறைய 1 அடி நீரின் அழுத்தம் மேல்நோக்கிச் செலவாகுமாயின், அம்மணல் எடையற்றது போலாகிக் கொதிக்கும் உலைபோல் புரளும். வயலிலோ வாய்க்காலிலோ மணல் வளையம் கட்டிக்கொண்டு கொப்புளிக்கும் ஊற்றுக்களின் காரணம் இதுவே.

அடைத்தால் என்ன ஆகும்?

வெளிவாயைக் களிமண்ணால் அடைத்தவுடன் ஊற்று நின்றுவிடுகின்றது. ஊராரும் மனம் அமைதியடைகின்றனர். ஆனால் ஏரி நீரின் அழுத்தம் எங்கும் போய்விடவில்லை. வெளியேற வழியற்ற நீர் கரைக்குள்ளேயே தேங்கி மேலேறுகின்றது. வெளிச்சரிவு முழுவதும் ஊறி, தன் உறுதியை இழக்கின்றது. பிறகு நீர், அடைத்த இடத்திற்குப் பக்கத்திலோ அதற்கு மேலேயோ, பலம் குன்றிய வேறோர் இடத்தைத் துளைத்துக்கொண்டு, முன்னைவிட அதிக வேகத்துடன் வெளிப்படுகின்றது. அல்லது ஊறிய சரிவு ஒட்டுமொத்தமாகச் சறுக்கிவிடுகின்றது.

ஆகையால் நினைவிற்கொள்ள வேண்டிய விதி இதுவே: ஏரியின் பக்கத்தில் நீரைத் தடு, வயலின் பக்கத்தில் நீரை வடி. வயற்பக்கத்தில் தடுக்க வேண்டியது மண்ணையேயன்றி நீரை அன்று. களிமண், தார்ப்பாய் முதலிய நீர் புகாப் பொருள்களுக்கு உரிய இடம் கரையின் உட்சரிவு. மணலும் சல்லியும் கல்லும் வைக்க வேண்டிய இடம் வெளிச்சரிவின் அடி.

வடிபடுகை அமைத்தல்

நீரை விட்டு மண்ணை மட்டும் நிறுத்தும் அமைப்பை வடிபடுகை எனலாம். இதன் தத்துவத்தை 1920-களில் ஒழுங்காக வகுத்தவர் மண் இயலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி. அவர் கண்ட விதியைச் சுருங்கச் சொன்னால், வடிமணலின் சிறு பரல்கள் கரைமண்ணின் பெரும் பரல்களைப்போல் நான்கைந்து மடங்கிற்கு மேற்படலாகாது. மேற்பட்டால் கரைமண் வடிமணலின் சந்துகளுக்குள் புகுந்து ஓடிவிடும். மிகவும் சிறுத்தாலோ நீர் வடியாது. எனவே ஒரே தாவாகக் கருங்கற்களைக் கசிவின் மேல் கொட்டுவதால் பயனில்லை. கல்லிடுக்குகளின் வழியாக மண் தடையின்றிப் போய்க்கொண்டேயிருக்கும். முதலில் மணல், அதன்மேல் பொடிச்சல்லி, அதன்மேல் பெருஞ்சல்லி, எல்லாவற்றிற்கும் மேல் பாரத்திற்காகக் கல் என்று படிப்படியாகப் பரல் பெருத்துச் செல்ல வேண்டும்.

நமது ஏரிக்கரைகளில் பெரும்பாலும் காணப்படும் களிகலந்த மண்ணுக்கு, கான்கிரீட்டில் சேர்க்கும் தரமான சுத்த மணலே முதற்படுகைக்கு ஏற்றது. ஈரம் கண்ட இடத்திலும் அதைச் சுற்றிச் சில அடி தூரத்திற்கும் இம்மணலை 6 அங்குல கனத்திற்குப் பரப்பி, அதன்மேல் பொடிச்சல்லி 6 அங்குலமும், பெருஞ்சல்லி 6 அங்குலமும் இட்டு, மேலே கற்களை அடுக்க வேண்டும். வடிந்த நீர் அங்கேயே தேங்காதபடி, கரையடியை ஒட்டி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வயல் வடிகாலில் சேர்ப்பது அவசியம். இவ்வாய்க்காலை ஏரி வற்றிய கோடையிலேயே வெட்டிவிட வேண்டும். நீர் நிறைந்து நிற்கும்பொழுது கரையடியில் மண்வெட்டி படலாகாது.

மணலின் குணத்தை அறிய இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ஒன்று: ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மணலிட்டு, சிறிது உப்புக் கலந்த நீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாது வைக்கவும். மணலின் மேல் வண்டல் கனத்த அடுக்காகப் படியுமாயின் அம்மணலைக் கழுவாமல் உபயோகிக்கலாகாது. மற்றொன்று: ஈர மணலை ஒரு கொட்டாங்கச்சியில் அழுத்தி, தட்டில் கவிழ்த்து, தட்டில் மெல்ல நீர் ஊற்றவும். நல்ல வடிமணல் நீர் ஏற ஏறத் தானே சரிந்துவிடும். சரியாமல் குவிந்தபடியே நிற்கும் மணலில் ஒட்டும் தூள் மிகுதி. அது படுகையில் வெடிப்பு விழுந்தால் மூடிக்கொள்ளாது திறந்தே நிற்கும். பாறையை உடைத்துச் செய்யும் மணலை வாங்குவோர் இச்சோதனையை அவசியம் செய்து பார்த்தல் வேண்டும்.

கொப்புளிக்கும் ஊற்றுக்குச் செய்ய வேண்டியது வேறு. ஊற்றைச் சுற்றி மண் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர் போல் வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் மட்டம் உயரவிட வேண்டும். உயர்ந்த நீரின் பாரம் ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். கலங்கிய நீர் தெளியத் தொடங்கிய உயரத்தோடு அடுக்குதலை நிறுத்தி, ஒரு பக்கம் வாய் விட்டுத் தெளிநீரை வழியவிட வேண்டும். ஊற்றே நிற்கும் மட்டும் உயர்த்துவது தவறு. அது வேறோரிடத்தில் கிளம்பும்.

மதகை ஒட்டிய கசிவு

கசிவினால் உடையும் கரைகளில் அடிக்கடி பழுது காணும் இடம் மதகின் பக்கமே. கல்லும் காரையும் அமுங்குவதில்லை, மண் அமுங்கும். ஆகவே இரண்டும் சேரும் பொருத்தில் காலக்கிரமத்தில் இடைவெளி விழுகின்றது. பழைய தூம்புகளின் செங்கற் சுவரில் பொருத்துக் காரை கரைந்துபோன இடங்களின் வழியாகக் கரைமண் தூம்புக்குள் விழுந்து நீரோடு போய்விடுவதும் உண்டு. மதகின் அடைப்பை முழுவதும் இறக்கிய பின்பும் தூம்பின் வெளிவாயில் கலங்கல் நீர் வருமாயின், கரைக்குள் பள்ளம் விழுந்துகொண்டிருக்கின்றது என்று அறியலாம். கரையின் முகட்டில் மதகுக்கு நேரே திடீரென்று குழி தோன்றுவது இதன் முற்றிய நிலை.

தூம்பைப் பழுதுபார்க்கும்போது மேலே சிமெண்டுப் பூச்சு மட்டும் பூசிவிடுவது போதாது. பொருத்துக்களை ஓர் அங்குலத்திற்குக் குறையாமல் சுரண்டி, கழுவி, ஈரம் காயுமுன் காரையால் நிரப்ப வேண்டும். பழைய கட்டடம் சுண்ணாம்புக் காரையால் ஆனதாயின், அதன்மேல் வளமான சிமெண்டுக் கலவை பூசுவதால் ஒட்டாமல் வெடித்துப் பெயர்வதுண்டு. சிமெண்டுப் பூச்சு விறைப்பானது, பழைய காரையோ இளகியது. அங்கே சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையே இசைந்து நிற்கும். தனிச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகுவதாகையால் நீருக்குள் இறுகாது. செங்கற்பொடியாகிய சுர்க்கியிலுள்ள பொருள்கள் சுண்ணாம்போடு நேரே கூடுவதால், சுர்க்கிக் காரை ஈரத்திலும் இறுகும். 1895ஆம் வருஷத்தில் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணையின் உட்பாகம் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட்டால் ஆனதென்பது பலரும் அறிந்ததே. புதிய வேலைக்குச் சிமெண்டு உபயோகித்தால் 7 நாட்களுக்குக் குறையாமலும், வெயிலும் வறட்சியுமான காலத்தில் 10 நாட்களும் அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

பழைய தூம்பை எடுத்துவிட்டுக் கரையை வெட்டிக் குழாய் பதிக்கும் வேலை இக்காலத்தில் மிகுதி. இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வெட்டிய பக்கங்கள் செங்குத்தாக நிற்கலாகாது. சரிவாகவும் படி வெட்டியும் இருந்தால்தான் புதுமண் பழைய மண்ணோடு பிணையும். இரண்டாவது, உருண்டையான குழாயின் அடிப்பக்கத்து மூலைகளில் திமிசுக்கட்டை எட்டாது. அங்கே மண் இளகியே கிடந்து நீருக்கு வழியாகும். ஆகையால் குழாயின் அடிப்பாதியைக் கான்கிரீட்டில் பதித்து, அதன் பக்கங்களைச் சரிவாக விட வேண்டும். மூன்றாவது, மண்ணை 6 அங்குல அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இடித்த பின்பே அடுத்ததைப் போட வேண்டும். மண்ணின் ஈரம் பதமாயிருப்பது அவசியம் என்பதை 1933ஆம் வருஷத்தில் பிராக்டர் என்னும் அமெரிக்க இஞ்சினீயர் விளக்கிக் காட்டினார். கைப்பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்கவும், கையில் நீர் ஒட்டாதிருக்கவும் வேண்டும். அதுவே ஏறக்குறையச் சரியான பதம்.

குழாயைச் சுற்றிக் குறுக்குச் சுவர்களாகக் கான்கிரீட்டு வளையங்கள் கட்டி நீரைத் தடுக்கும் முறை நெடுங்காலம் வழங்கிவந்தது. அவ்வளையங்களின் மூலைகளில் மண்ணைச் சரியாக இடிக்க முடியாமற்போவது அனுபவத்தில் தெரிந்தமையால், அமெரிக்க அணை இஞ்சினீயர்கள் 1980-களில் அம்முறையைக் கைவிட்டு, குழாயின் கீழ்ப்பாகத்தைச் சுற்றி வடிமணற் சுவர் அமைக்கும் முறையை மேற்கொண்டனர். இங்கும் அதே பாடந்தான்: நீரை முற்றும் தடுப்பதைவிட, மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை விடுவதே உறுதி.

கலிங்கை உயர்த்துதல்

கசிவைத் தவிரக் கரையுடைப்புக்கு மற்றொரு பெருங்காரணம், நீர் கரையின் முகட்டைத் தாண்டி வழிதல். அதனைத் தடுப்பது கலிங்கு. சில ஊர்களில் இன்னும் ஓரடி நீர் தேக்கும் ஆசையால் கலிங்கின் மேல் மண் மூட்டைகளை அடுக்குகின்றனர். கலிங்கின் மேல் 2 அடி உயரம் நீர் வழிந்தோட இடமிருக்கும் ஏரியில் 1 அடியை மூட்டைகளால் அடைத்தால், வெளியேற்றும் சக்தி பாதியாகக் குறையும் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது சுமார் 35 சதவீதமாகக் குறைந்துவிடுகின்றது. மேலும் 1 அடி நீரின் அழுத்தம் கூடுவதால் கசிவும் பெருகுகின்றது. ஒரு போகத்துக்கு ஒரு தண்ணீர் கூடக் கிடைக்கலாம். கரை போனால் அப்போகமும் வயலில் மணலடித்துப் பின்போகங்களும் போகும்.

இவ்விரு ஆபத்துக்களின் கொடுமைக்கும் இரண்டு உதாரணங்கள் போதும். 1979ஆம் வருஷம் ஆகஸ்ட் 11ஆம் தேதி குஜராத்தில் மச்சு இரண்டாம் அணையின் மண்கரைமீது வெள்ளம் வழிந்து கரை உடைய, கீழேயிருந்த மோர்வி நகரம் மூழ்கி, ஆயிரக்கணக்கான உயிர்கள் மாண்டன. 1976ஆம் வருஷம் ஜூன் 5ஆம் தேதி, அமெரிக்காவில் ஐடஹோ என்னும் ராஜ்யத்தில், முதன்முறையாக நீர் நிரம்பிவந்த 305 அடி உயரமுள்ள டீட்டன் அணையில் காலையில் கலங்கல் நீர் ஊறுவது தென்பட்டது. நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. வண்டல் போன்ற நுண்மண்ணால் ஆன நடுக்கரையை, வெடிப்புள்ள பாறையை ஒட்டி வடிபடுகையின்றி அமைத்திருந்தது அங்கே முக்கியமான குறையாகக் காணப்பட்டது. ஊற்று கலங்கினால் காத்திருக்க நேரமில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கரையடி நிலத்தார் கடமை

கரையை ஒட்டி நிலம் வைத்திருப்போர் சிலர், ஆண்டுக்கு ஒரு முழமாகக் கரையடியை வெட்டி வயலோடு சேர்த்துக்கொள்வதும், செங்கலுக்கும் களத்துக்கும் அங்கிருந்து மண் எடுப்பதும் உண்டு. கரையின் அடி குறைந்தால் நீர் கடக்கும் தூரம் குறைகின்றது. சரிவைத் தாங்கும் பாரமும் போய்விடுகின்றது. கரையை நெருங்கிக் கிணறு வெட்டுவதும் கசிவுக்கு வாய் திறந்து விடுவதேயாகும். கரையின்மேல் வளர்ந்த மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. நிலத்தினுள் விடப்பட்ட வேர் சில ஆண்டுகளில் மக்கி, தன் உருவத்திலேயே ஒரு குழலை விட்டுச் செல்லும். கோடையில் வேரைத் தோண்டியெடுத்து, குழியை அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். எலி வளை, நண்டு வளைகளுக்கும் இதே முறை. கரைக்குத் தகுந்த போர்வை அறுகம்புல்.

கிராம அதிகாரி வைக்க வேண்டிய குறிப்பு

ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்தல் நலம். அதில் மூன்று செய்திகள் வேண்டும்: ஏரியின் நீர்மட்டம், கசிவின் அளவு, நீரின் தெளிவு. கசிவை அளக்க, கரையடி வாய்க்காலில் ஒரு தகரத் தாரை வைத்து, ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகின்றதென்று பார்த்தால் போதும். 15 லிட்டர் வாளி 30 விநாடியில் நிறைந்தால் கசிவு விநாடிக்கு அரை லிட்டர். ஏரி மட்டம் ஏறும்பொழுது கசிவு கூடுவது இயல்பு. ஆனால் மட்டம் அதேயாக இருக்க, அடுத்த வாரம் அவ்வாளி 20 விநாடியில் நிறைந்தால், கசிவு ஒன்றரை மடங்காகிவிட்டது. கரைக்குள் ஏதோ பெயர்கின்றது என்பதற்கு அதுவே அடையாளம். தெளிவைக் காண, கண்ணாடி டம்ளரில் நீரைப் பிடித்து ஒரு மணி நேரம் வைத்து, அடியில் மண் படிகின்றதா என்று நோக்க வேண்டும்.

கசிவு கூடியோ கலங்கியோ கண்டால் உடனே செய்ய வேண்டியவை: மதகுகளைத் திறந்து ஏரி மட்டத்தைக் குறைத்தல், கலிங்கில் தடையிருந்தால் நீக்குதல், கரையடியில் வடிபடுகை இடுதல், இரவும் பகலும் ஆள் வைத்தல், கீழுள்ள வீட்டாரை எச்சரித்தல். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டுள்ள ஏரிகளுக்கு நீர்வளத் துறையாருக்கும், அதற்குட்பட்டவற்றிற்கு ஊராட்சி ஒன்றியத்தாருக்கும் அப்பொழுதே செய்தி அனுப்ப வேண்டும். மணலும் சல்லியும் கரைமேல் முன்கூட்டியே குவித்து வைத்திருந்தாலன்றி, மழையிரவில் அவற்றைத் தேடிக் கொணர்தல் இயலாது. ஆகவே புரட்டாசிக்குள் ஒவ்வொரு மதகின் அருகிலும் இரண்டு வண்டி மணலும் இரண்டு வண்டி சல்லியும் சேர்த்து வைப்பது, அச்செலவைப்போல் நூறு மடங்கு நஷ்டத்தைத் தடுக்கக்கூடிய காரியம்.

இவ்வேலை நமக்குப் புதியதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரியைப் பேணுவதற்கென்றே ஆண்டுதோறும் 6 பேர் கொண்ட ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றது. குடிமராமத்து என்னும் வழக்கமும் அவ்வழி வந்ததே. 2017ஆம் வருஷத்தில் தமிழ்நாடு அரசினர் அப்பெயராலேயே ஏரி மராமத்துத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். ஆயினும் தூர் வாருதலும் கரைக்கு மண் போடுதலும் மட்டும் மராமத்தாகா. கரையடியை வெட்டாது விடுதல், வடிகாலைத் திறந்து வைத்தல், கலங்கிய ஊற்றைக் கண்டவுடன் களிமண்ணைத் தேடாமல் மணலைத் தேடுதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவின்றி ஊரார் தாமே செய்யக்கூடியவை. ஆயக்கட்டுதாரர்கள் இந்த ஆனி, ஆடி மாதங்களிலேயே தத்தம் ஏரிக்கரையைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து, ஈரம் கண்ட இடங்களுக்கு அடையாளக் கல் நட்டு, மணல் சேகரிக்கத் தொடங்குவார்களாக.